"பிள்ளை நல்லாத்தானே இருக்கா?"

மூன்றாம் பீரியடில் பூவின் நீள்வெட்டைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "வேலுத்தாய் டீச்சர் போயிட்டாங்கம்மா" என்றார். மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பாதிப் படத்தோடு சாக்பீசைக் கீழே வைத்துவிட்டேன்.

மம்சாபுரம் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தேன். அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவருடைய அதட்டல் தெரியும். நான் எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது. சாவதற்குப் பத்து நாள் முன்பு, "எல்லார்ட்டயும் சொல்லுட்டி. வாய மூடி மூடித்தான் இங்க வந்து படுத்துருக்கேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டில் எனக்கு வளைகாப்பு. பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட, டீச்சரின் முறை வந்தது. எடுத்த வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, முகம் வெளிறி, பின்வாசல் வழியாகப் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் ஆளுக்கொன்று பேசினோம். "மவராசிக்கு எம்புட்டு கர்வம்" என்றார் ஒருவர். நானும் ஒத்து ஊதினேன். ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், உதிரப்போக்கு நிற்கவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனைக் கட்டிலில் படுக்கச் சொன்னதும் வெடவெடவென்று நடுங்கி, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்துவிட்டார். "சின்னப் பிள்ளையா டீச்சர் நீங்க?" என்று தெருவில் வைத்தே கத்தினேன்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "ராஜபாளையம் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் வலி. கத்தக் கத்த வஞ்சாங்க. கையக் கால அமுக்கிப் பிடிச்சு, ஆயுதம் போட்டுத்தான் பிள்ளைய எடுத்தாங்க. வளைகாப்பு வளையல் அம்புட்டும் நொறுங்கிக் கையில ஏறிருச்சு. செத்துட்டோம்னே நெனச்சேன். இப்பவும் வளையல் சத்தம் கேட்டா அந்தக் கட்டில்லதான் கெடக்கேன்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னது இதுதான்: "அதான் பதினாறு வருசம் ஆச்சே டீச்சர். பிள்ளை நல்லாத்தானே இருக்கா?"

"விடை சரியா வந்துட்டுன்னு மார்க் போட்டுட்ட. வழியப் பாக்கலியே" என்றார். வழி எழுதாத விடைக்கு ஒருநாளும் மார்க் தராதவர். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வர மறுத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மயங்கி விழுந்தவரை மதுரைக்குக் கொண்டுபோனபோது கருப்பை வாய்ப் புற்று முற்றியிருந்தது. அங்கே ஒரு பெண் மருத்துவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க பிரசவம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். டீச்சர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிரசவத்தில் பட்ட அதிர்ச்சி மனதில் நோயாகவே தங்கிவிடுவது உண்டு, வருடம் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கு வைத்தியம் இருக்கிறது என்று அந்த மருத்துவர் வெளியில் வைத்து என்னிடம் சொன்னார். பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் இனப்பெருக்கப் பாடம் நடத்துகிறவள் நான். வெட்கமாக இருந்தது.

காரியம் முடிந்த அன்று டீச்சரின் மகள் கார்த்திகா என்னைத் தனியே கூப்பிட்டாள். "என் பொறந்தநாளுக்கு மட்டும் அம்மா வீட்ல தங்கவே மாட்டாங்க டீச்சர். காலைல அய்யனார் கோவிலுக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாங்க. என்னையப் பிடிக்காதா அவங்களுக்கு?"

நேர்த்திக்கடன் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் அவள் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

"அப்ப நான் பொறந்ததுனாலதான் அம்மா செத்தாங்களா?" என்றாள்.

"இல்லம்மா, உன்னால இல்ல" என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் சொன்ன அந்தக் கதை ஒன்றுதான். கார்த்திகா, நீ வாசிப்பாய் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். காப்பாற்றக்கூடிய காலத்தில் உன் அம்மா ஒரே ஒரு ஆளிடம்தான் வாய் திறந்து சொன்னார். அந்த ஆள் நான்.