மூன்றாவது அழைப்பிதழிலிருந்து

உடுவில் மியூரியல் ஒரு தாளைக் கையில் எடுத்தாலே பிழையான எழுத்துகள் தாங்களாக எழும்பி ஓடிவிடும். அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை பார்த்தவர். முதல் தாளை வரிவரியாக வாசிப்பார், மூலையில் கையெழுத்து வைப்பார், அவ்வளவுதான். அச்சுத் தட்டில் ஏறியது ஏறியதுதானே. முதல் தாள் சரியென்றால் ஆயிரமாவதும் சரி.

மகன் றொபினின் கலியாணத்துக்குப் புதுப் பவிசாக, டிஜிட்டல் மிஷினில் ஒவ்வொரு அழைப்பிதழிலும் விருந்தாளியின் பெயரையே அச்சடித்துத் தந்தார் அச்சகத்துக் கெல்வின். மியூரியல் முதலாவதைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். நூற்றெண்பதும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை போதகர் போனில் கூப்பிட்டார்.

"மியூரியல் அக்கா, அழைப்பிதழிலை 'செல்வி' எண்டு கிடக்கு. நான் எப்ப செல்வியானனான்?"

மியூரியல் போனை வைக்கமுதல் அடுத்தது. கள்ளுத் தவறணை நடத்தும் ஜெறோம். அவருக்கு 'வணக்கத்துக்குரிய' என்று போயிருந்தது. "நன்றி அக்கா, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தவறணைச் சுவரிலை கொழுவிட்டன்!"

அச்சகத்துக்கு ஓடினார்.

"அக்கா, இதிலை தட்டில்லை," என்றார் கெல்வின். "கொம்பியூட்டர் பட்டியலை ஒவ்வொரு தாளுக்கும் புதுசாய் வாசிச்சு அடிக்குது. மூண்டாவதிலையிருந்து பேருக்கு முன்னாலை வாற பட்டமெல்லாம் ஒரு வரி இறங்கிட்டுது."

"அப்ப நூற்றெண்பதையும் வாசிச்சிருக்கவேணுமோ?"

"ஓம் அக்கா. ஆனா தட்டுச் செய்யிற வேலை இல்லையே, அரை மணித்தியாலத்திலை திருப்பி அடிச்சுத் தாறன்."

சனிக்கிழமை கலியாணம். இந்த அவமானத்துக்குப் பிறகு ஆர் வரப்போகினம்? புதியவற்றை ஒன்றுவிடாமல் இரண்டுதரம் வாசித்துவிட்டு, ஸ்கூட்டியில் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டார்.

மகாதேவி ரீச்சரின் படலையில்தான் கால் கூசியது. அறுபத்தொரு வயதுவரை கலியாணமே வேண்டாமென்று இருந்த மனுசி. வாயைத் திறந்தால் ஊரே அடங்கும். அவருக்குப் போயிருந்தது 'திரு, திருமதி மகாதேவி'.

"ரீச்சர், அந்தக் கலியாணக் காட்..."

மகாதேவி கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உமக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

"நடியாதையும்! போன மாசம்தான் எங்கடை கலியாண எழுத்து முடிஞ்சது. என்ரை தமையனுக்கே இன்னும் தெரியாது."

அறைக்குள்ளிருந்து, சாரத்தோடும் தேத்தண்ணிக் கோப்பையோடும், அரியாலையில் றால் வலை போடுகிற தம்பிஐயா வந்து நின்றார். மனைவியை இழந்து பத்து வருடமாகத் தனியே இருந்தவர்.

"வாங்கோ தங்கச்சி. எங்களைச் சோடியாய்க் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

மியூரியல் 'செல்வி மகாதேவி' என்றிருந்த புது அழைப்பிதழைக் கைப்பையின் அடிக்குத் தள்ளினார்.

"இதைக் கேக்கத்தான் வந்தனான்," என்றார். "சோடியாய்த்தானே வருவியள்?"