மாடு தின்ற நல்ல காரியங்கள்

இருபத்திரண்டு வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லா அறையையும் கூட்டித் துடைப்பது என் கைதான். என் வேலையில் ஒரு குறை சொன்னவர் கிடையாது. சொல்லும்படி நான் வைத்ததும் கிடையாது. திண்டுக்கல்லில் இம்புட்டுப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, எங்கள் தரையைப் போல ஒரு தரையைக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

போன டிசம்பரில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்க எனக்கு நாளாகும். ஆனாலும் நானே எழுதினால்தான் சரி.

அந்த வருடம் புதிதாக ஒரு சிஸ்டர் தலைமையாசிரியையாக வந்திருந்தார். அதுவரை எங்கள் பள்ளியில் லீவு விடுவதற்கு முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள். இவர் மாதம் பிறந்ததுமே மூன்றாம் வகுப்பு மூலையில் ஒரு மரத்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மாட்டுக்குத் தீவனம் போடுகிற தொட்டி மாதிரி, ஆனால் சின்னது. உள்ளே ஒன்றுமில்லை. மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் பிடிக்கும். இன்னொருவரிடம் போய் "இதில் என்ன எழுதியிருக்கு" என்று கேட்கிற வழக்கமும் எனக்கில்லை.

நாள் போகப் போகத் தொட்டிக்குள் வைக்கோல் சேர்ந்தது. தரையிலும் ஒன்றிரண்டு கிடக்கும். பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா அறையையும் கழுவிவிட்டேன். அந்தத் தொட்டியையும் கவிழ்த்து, தட்டி, ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். வைக்கோலை வீணாக்குவானேன் என்று ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா மில்லில் வேலை முடிந்து வந்து கூட்டிப்போக நேரமாகும். பள்ளிக்கூடத்தில் எது உடைந்தாலும் எது காணாமல் போனாலும் முதலில் அவள் பேர்தான் வரும். பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும்.

"சாக்குல என்ன ஆயாம்மா?"

"மாட்டுக்கு வைக்கல் ஆத்தா. நீ ரோட்டுல எறங்காம நில்லு."

வீட்டுக்குப் போய் மாட்டுக்குப் போட்டேன். செத்த நேரத்தில் தின்று முடித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்பில் ஒரே கூச்சல். வாசலில் போய் நின்றேன். சிஸ்டர் செல்போனைக் கையில் பிடித்து ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் தொட்டியைப் படம் எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போடுவாராம். வெள்ளிக்கிழமைப் படத்தில் முக்கால் தொட்டி வைக்கோல்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிள்ளை, தொட்டியில் ஒரே ஒரு வைக்கோல் போட வேண்டும். பண்டிகைக்குள் அது மெத்தை மாதிரி ஆகிவிடும்; அதன்மேல் பாலன் இயேசுவைப் படுக்க வைப்பார்கள். பென்சில் கொடுத்தது, விழுந்தவனைத் தூக்கிவிட்டது, தங்கச்சியின் சடையை இழுக்காமல் இருந்தது, எல்லாம் அதற்குள் இருந்திருக்கிறது. அத்தனையும் என் மாட்டின் வயிற்றுக்குள் போயிருந்தது. கையிலிருந்த மாப்புக்குச்சியை ஊன்றிக்கொண்டுதான் நின்றேன்.

"வெள்ளிக்கெழம கடைசி வரைக்கும் இவதான் சிஸ்டர் இருந்தா" என்று ஒருவன் அந்தப் பிள்ளையைக் கைகாட்டினான்.

"இவ ஒரு வைக்கல்கூடப் போட்டதில்ல சிஸ்டர். அந்த வயித்தெரிச்சல்ல எடுத்திருப்பா" என்றாள் முன் பெஞ்சுக்காரி.

அந்தப் பிள்ளையும் சும்மா விடவில்லை. "நீ ரொம்பப் போட்டுட்டியாக்கும். ஒங்கம்மா செஞ்ச உப்புமாவத் தின்னதுக்கெல்லாம் போட்டவதானடி நீ."

"எல்லாரும் பேசாம இருங்க" என்றார் சிஸ்டர். "நீ சொல்லு பாப்பா. நீயா எடுத்த?"

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். நேராக என்னை. சாக்கோடு என்னைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இதோ சொல்லப்போகிறாள் என்று பயந்துவிட்டேன். இத்தனை வருடம் காப்பாற்றிய பேர். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் என் மனம் ஒரு பதிலைத் தயார் செய்துவிட்டது: "பிள்ளை எதையோ பாத்துட்டு உளறுது சிஸ்டர்."

"நான்தான் சிஸ்டர்" என்றாள்.



"எதுக்கு எடுத்த?"

"சும்மாதான்."

ஒவ்வொரு பெஞ்சாகப் போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் சிஸ்டர். அவள் போனாள். முதல் பெஞ்சில் "ஸாரி". இரண்டாவது பெஞ்சில் "ஸாரி". அங்கே ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் திரும்புகிற வரை நின்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மூன்றாவது பெஞ்சும் முடிந்தது. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

"நிப்பாட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். "அந்தப் பிள்ளை எடுக்கல. குப்பைன்னு நெனச்சு நான்தான் அள்ளிட்டுப் போனேன். எம் மாடு தின்னுருச்சு."

பின்னாலிருந்து ஒரு குரல், "மாட்டுத்தொட்டியில கெடந்தா மாடுதான சிஸ்டர் திங்கும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நீ ஏன்மா நான்தான்னு சொன்ன?" என்று அவளைக் கேட்டார்.

"ஆயாம்மாவத் திட்டுனா அழுதுருவாங்க சிஸ்டர். எனக்குப் பழக்கந்தான்."

என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் அழவில்லை என்று தெருவே பேசியது. அழுகிறவள் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. எட்டு வயதுப் பிள்ளை எதை வைத்து அப்படி நினைத்தாள்? இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. அவளிடம் கேட்கவும் துணிவு வரவில்லை.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஆயாம்மா எவ்வளவு தைரியமா உண்மையைச் சொன்னாங்க பாத்தீங்களா? எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். அந்தப் பிள்ளையும் தட்டினாள், மற்றவர்களைவிட ஓங்கி. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"தட்டாதீங்க" என்றேன். "இவ நான்தான்னு சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். மூணு பெஞ்சு வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு நின்னேன்."

கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. சிஸ்டர் தொட்டியைப் பார்த்தார். நான் துடைத்த துடைப்பில் அது பளபளவென்று இருந்தது.

லீவுக்கு நாலு நாள்தான் இருந்தது. மீதி வைக்கோல் கட்டு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அதைச் சிஸ்டர் எடுத்துப் பிரித்தார். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், வேண்டுமென்றால் செய்ததை எல்லாம் திரும்பச் செய்யுங்கள் என்றார். முதல் வைக்கோலை அந்தப் பிள்ளையிடம் நீட்டினார்.

"பொய் சொன்னேன்ல சிஸ்டர். எனக்குக் கெடையாது" என்று அவள் பின்சுவருக்குப் போய்விட்டாள். அடுத்து என்னிடம் நீட்டினார். நானும் வாங்கவில்லை. போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். மற்ற பிள்ளைகள் அதற்குள் வரிசை போட்டு, யார் முந்தி என்று தள்ளிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆயாம்மா" என்றாள் அவள். "தொட்டி மறைக்குது."

தள்ளி நின்றேன்.