ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு

சங்க வேலையில் மறியல் செய்வது சுலபம், கைதாவதும் சுலபம். சங்கத்தின் ஈமெயிலைக் காவல் காப்பதுதான் உயிரை வாங்கும்.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்து கற்றவன். என்னோடு சிறைக்கு வந்தவர்கள் பலர் இன்று கரைவேட்டியில் இருக்கிறார்கள். நான் சங்கக் கணினி முன்னால் இருக்கிறேன். இறால் பண்ணைக் கழிவை ஏரியில் விடக்கூடாது என்று நாங்கள் அனுப்பிய ஆட்சேபணைகள், எடுத்த படங்கள், அதிகாரிகளின் பதில்கள் எல்லாம் அந்த ஒரே மெயில் கணக்கில்தான் இருக்கின்றன. அது கைவிட்டுப் போனால் எங்கள் போராட்டமே போனதுதான். ஊர்ப் பொதுக் கணினிக்குக் காவல் நிற்கும் தோழர்களே, இந்தப் பாடு உங்களுக்கும் புதிதாக இராது.

மைக்கில் வாசித்தது

எங்கள் பக்கம் பொதுவில் உள்ள எதையும் ஒளிக்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மெயில் கணக்கு தொடங்கியதும் கூடிய கூட்டத்தில், பசியாவரம் உறுப்பினர் தேசப்பன் எழுந்து பாஸ்வேர்டைச் சொல்லச் சொன்னார். வெளியே சொன்னால் கண்டவனும் நம் பெயரில் கடிதம் அனுப்புவான் என்றேன். கூட்டம் என்னைக் களவாணியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. தலைவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கி, எழுத்தெழுத்தாக மைக்கில் வாசித்துவிட்டார். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தவர்கள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள்.

தேசப்பனுக்கு அப்போதும் ஆறவில்லை. “நாலு பேருக்குத் தெரியாம வெச்சிக்கினா அது இன்னா பொதுச் சொத்து? உன் வூட்டுச் சொத்துனு எழுதிக்கோண்ணா.”

ஐஸ் விலைக்குக் கீழே

பாஸ்வேர்டை மாற்றினேன். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் வாங்கிவிட்டார்கள். இந்த முறை அது ஏலக்கூடத்துப் பலகையில், ஐஸ் விலைக்குக் கீழே சாக்பீஸில் ஏறியிருந்தது. மீன் வாங்க வரும் வெளியூர் வியாபாரிகள் டீ குடித்துக்கொண்டே படிக்கிற இடம் அது. ஓடிப்போய் அழித்தேன்.

கூடையோடு நின்றிருந்த பாக்கியம், எங்கள் சங்கப் பொருளாளர், கோபித்துக்கொண்டாள். “ஏண்ணா, நானே கஷ்டப்பட்டு எழுதி வெச்சேன். இனிமே மறந்துட்டா யாரைக் கேப்பேன்? ஐஸ்காரனுக்குத்தான் மனப்பாடமா தெரியும்.”

வாபஸ்

நான் பயந்தது நடந்தது. இறால் பண்ணை பற்றிய அரசுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நெருங்கும்போது, எங்கள் ஆட்சேபணை எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்க, அதை நடத்தும் அலுவலகத்துக்குப் போனேன். ஆட்சேபணையை வாபஸ் பெறுவதாகச் சங்கத்தின் மெயிலே வந்திருப்பதாகச் சொன்னார்கள். என் பெயரில், என் பதவியைப் போட்டு, நான் எழுதாத மெயில். பலகையைப் படித்தவர்களில் யார் மீது சந்தேகப்படுவது? நாங்கள் அனுப்பியதல்ல என்று மேஜைமேல் கையை ஊன்றிச் சொன்னேன்.

அங்கிருந்த எழுத்தர் குரலை உயர்த்தவே இல்லை. “உங்க மெயில்ல இருந்து வந்தா அது நீங்கதான் சார். வேற எப்படி நாங்க தெரிஞ்சிக்கிறது?”

கடலில் இருந்த போன்

ஆட்சேபணைக்கான கெடு முடிவதற்குள் அதே மெயிலிலிருந்து மறுப்பு அனுப்பினால் ஏற்றுக்கொள்வதாக அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், உள்ளே புகுந்தவன் பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தான். கணக்கை மீட்க வேண்டிய எண், பதிவுசெய்த போனுக்குத்தான் வரும். அது, பொதுச் சொத்தென்று அடம்பிடித்துப் பதியவைத்த தேசப்பனின் போன்; தேசப்பனோ கடலில். கணக்கை மீட்கும் வேண்டுகோளை அனுப்பிவிட்டு, நானும் பாக்கியமும் கரையில் நின்று படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்து இறங்கியவரிடம் எண் வந்ததா என்று கேட்டேன்.

வலையை உதறியபடியே சொன்னார்: “கரைகிட்ட வர்றப்ப இன்னாவோ நம்பர் வந்துச்சு. லாட்டரி ஏமாத்துக்காரனுங்கனு உடனே அழிச்சிட்டேன். நீதானண்ணா அப்டி செய்யச் சொன்னே?”

அவர் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மறுபடியும் எண் கேட்டு, உள்ளே நுழைந்தோம். அன்றே மறுப்பு போனது. ஆட்சேபணை மீண்டும் பதிவானது.

பாடு

புதிய பாஸ்வேர்டையும் கூட்டத்தில் கேட்டார்கள். இந்த முறை நான் உட்காரவில்லை. “ஏரி எல்லாருக்கும் பொது. ஆனா சீட்டுக் குலுக்கி யாருக்குப் பாடு விழுதோ, அன்னிக்கு அவங்கதான் அந்த எடத்துல வலை கட்டறாங்க. மத்தவங்க கரையில நிக்கிறோம். அதனால ஏரி அவங்க சொத்து ஆயிடுதா? பாஸ்வேர்டும் பாடுதான். சீட்டு விழுந்த ரெண்டு பேர் வெச்சிருக்கட்டும். அவங்க மாறும்போது பாஸ்வேர்டும் மாறட்டும். மீட்கிற நம்பர், கரையிலேயே இருக்கிற பாக்கியம் போனுக்கு வரட்டும்” என்றேன்.

தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாடுனு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அடுத்தவன் பாடு எடத்துல வலை போட நான் என்னா மானங்கெட்டவனா?”

வாழ்நாளெல்லாம் ‘மறைக்காதே, வெளியிடு’ என்று அதிகாரிகளிடம் தொண்டை கிழியக் கத்திய நான் போராடி முழுசாக வென்ற ஒரே கோரிக்கை, ஒன்றை மறைத்து வைத்துக்கொள்ளும் உரிமைதான்.