பேட்டரி சைக்கிளும் ஓர் அடி ஸ்கேலும்

போன வாரம் இங்கே விற்பனைக்குப் போட்டிருந்தேனே, அந்தப் பேட்டரி சைக்கிளைப் பார்க்க இன்று காலை ஒரு பெண் வந்தார். பதிவைப் பார்த்த யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊர் பொட்டிபுரம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை.

"செயின் எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"புதுசு மாதிரி இருக்கும்மா. மேடு ஏறுனதே இல்ல" என்றேன்.

அவர் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துச் செயின்மேல் வைத்தார். ஸ்கேலின் தொடக்கத்தில் செயின் கண்ணிகளைக் கோக்கும் பின் ஒன்று இருந்தால், பன்னிரண்டாவது இஞ்சில் இன்னொரு பின் சரியாக நிற்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி நின்றது.

"தேய்ஞ்சு நீண்டுருச்சுண்ணே. ஏழு மில்லி காயையும் எட்டு மில்லி காயையும் நாள் பூரா பிரிக்கிறேன். இது கண்ணுல படாதா?"

எனக்கு முன்பே தெரியும். இரண்டு வருடம் மலையடிவாரத்து முந்தல் மேட்டில் ஏறிய வண்டி. மிதிக்கும்போது செயின் சக்கரத்துப் பல்லைத் தாண்டும். சத்தம் வராமலிருக்க நேற்றுதான் எண்ணெய் விட்டேன்.

அவர் விலை குறைக்கக் கேட்கவில்லை.

"விடியுமுன்ன தனியா வேலைக்கு வரணும்ணே. யானை இறங்குற ரோடு. நடுவழியில செயின் அந்துச்சுன்னா என்ன செய்வேன்?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் புதுச் செயின் மாட்டிவிட்டேன். அவர் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பொட்டிபுரம் பக்கம் உள்ளவர்கள் அவரைப் பார்த்தால் வரச் சொல்லுங்கள். ஸ்கேலை மறக்காமல் கொண்டுவரட்டும். என் பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.