சந்திரம்மாள் வீட்டு நெல் அறை

வரகனேரியில் சந்திரம்மாளின் வீடு ஒரே குடும்பத்துக்காகக் கட்டியது. புருஷன் போனபின் அவளும் வீடும்தான் மிச்சம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் முன்கட்டைத் தடுத்து வாடகைக்கு விட்டாள். அப்புறம் ஊர் பெருகப் பெருக உள்ளே சுவரும் பெருகியது. மாட்டுக்கொட்டகை ஒரு போர்ஷன், நெல் கொட்டிவைத்த அறை ஒரு போர்ஷன், மாடிப்படிக்கு அடியில்கூட ஒரு ஆள். அறுபத்துநாலில் ஒன்பது குடித்தனம், முப்பத்தெட்டுப் பேர், ஒரே கக்கூஸ்.

திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை வந்ததும் தினம் நாலு பேர் அவள் வாசலில் வந்து நின்றார்கள். நானும் நின்றேன். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி பவுனம்மாள் இன்னும் மருங்காபுரியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வீடு தேடிப் போனால் சீரங்கத்தில் ஜாதி கேட்டார்கள், தில்லைநகரில் சம்பளம் கேட்டார்கள். சந்திரம்மாள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு ஒரே பயம், அடைப்பு. அவிட்டம் பாதியிலிருந்து ரேவதி முடிவதற்குள் யாராவது செத்தால், செத்த அறையை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். பத்து அறை சும்மா கிடக்கும் வீட்டுக்காரர்கள் பூட்டலாம். இவள் எதைப் பூட்டுவாள்? எவனாவது பலமாக இருமினாலே பஞ்சாங்கத்தை எடுத்துவிடுவாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், நட்சத்திரம் மட்டும் தப்பாது.

நெல் அறையில் தங்கையன் இருந்தான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். நெஞ்சில் நோய் முற்றி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு சதயத்தன்று மூச்சு இழுத்தது. சந்திரம்மாள் ஆள் கூப்பிட்டுக் கட்டிலோடு தூக்கி, எதிரே பூவரச மரத்தடியில் போடச் சொன்னாள். அவன் மனைவி ராக்கம்மாள் காலில் விழுந்து கெஞ்சினாள்.

“ரேவதி போகட்டும். உசிரோட இருந்தா உள்ளே தூக்கிட்டு வா. நானா வேணாங்கிறேன்?” என்றாள் சந்திரம்மாள்.

நாலு நாள் தாங்கமாட்டான் என்று அவளுக்கு உறுதி. இல்லாவிட்டால் மறுநாளே அந்த அறையை எனக்குச் சொல்லியிருப்பாளா? அசுவினி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிவரச் சொன்னாள். மரத்தடியில் கிடந்தவனைத் தாண்டிப் போய்த்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.

நாலு நாளும் தூறல். ராக்கம்மாள் கட்டிலுக்கு மேலே சாக்கைக் கட்டி, அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாளாம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ரேவதி எப்போது முடியும் என்று கேட்டாளாம். பாவி மனுஷன் தாங்கிவிட்டான்.

ஐந்தாம் நாள் காலை பவுனம்மாள் நெல் அறையில் பாலைப் பொங்கவிட்டாள். சந்திரம்மாளும் கூட நின்றாள். ராக்கம்மாள் நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள்.

“அக்கா, ரேவதி முடிஞ்சிடுச்சுங்க. அவரு இருக்காருங்க.”

சந்திரம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பால் காய்ச்சிட்டாங்களே, ராக்கு” என்றாள்.

ராக்கம்மாள் அழவில்லை. அடுப்பையும் பவுனம்மாளின் புதுப் புடவையையும் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளரோடு திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

“அடங்குற மாதிரி இருக்குங்க. வாயில ஊத்த ஒரு முழுங்கு பால் குடுங்க.”

பவுனம்மாள் என்னைப் பார்த்தாள். “குடுத்துடு தம்பி” என்று சந்திரம்மாளே சொன்னாள். குடிவந்த வீட்டின் முதல் பால் சாவுக்குப் போவதா என்று எனக்கு இருந்தது. முடியாது என்று தலையாட்டினேன்.

அறுபத்தொன்பது வரை அந்த அறையில் இருந்தோம். இரண்டு பிள்ளைகள் அங்கேதான் பிறந்தன. சந்திரம்மாளைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரி திருச்சியிலேயே கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ராக்கம்மாள் அன்று அந்த டம்ளரில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனாள்.