பாங்காக்கிலிருந்து வந்த ட்ரிகர்

என் விரல் குட்டை. ஏர் பிஸ்டலைப் பிடித்தால் ட்ரிகரில் என் விரல் நுனி மட்டும்தான் தொடும். நுனியால் இழுத்தால் குண்டு இடதுபக்கம் ஓடும். கல்லூரியில் விளையாட்டாகத் தொட்ட பிஸ்டல் அது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, புருஷன் போய்ச் சேர்ந்து, பர்மாவில் பபேடான் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு உட்கார்ந்த பிறகும் நான் அதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேரே சுடும் கூடம்தான். "யாரைம்மா சுடப் போறே?" என்று ஃபாதர் கிண்டல் செய்வார். "காகிதத்தைத்தான் ஃபாதர், இப்போதைக்கு" என்பேன்.

எனக்கு ஒரே மகன். பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்க ஆரம்பித்த உடனே நானே அவனைப் பாங்காக்குக்குத் துரத்திவிட்டேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறான். அவன் இங்கே திரும்பினால் விமான நிலையத்திலேயே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நான் தனியாளாய்க் கிளம்பலாமென்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அப்படி இருக்கும்போதுதான், பாங்காக்கில் நடக்கிற போட்டிக்கு இரண்டு பெண்களைக் கூட்டிப்போவதாக எங்கள் சங்கம் சொன்னது. பயணக் காகிதமெல்லாம் அவர்கள் பொறுப்பு. மெடலாவது மண்ணாவது, எனக்கு என் பிள்ளையைப் பார்க்கவேண்டும். தேர்வுச் சுற்றில் முதல் இரண்டு இடத்துக்குள் வரவேண்டும், அவ்வளவுதான்.

போனில் இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து, ஊருக்கு வந்த ஒருத்தர் கையில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு ட்ரிகர். பிஸ்டல் கம்பெனி செய்தது அல்ல, வேறு யாரோ தனியாகச் செய்து விற்பது. குட்டை விரலுக்கு ஏற்ற மாதிரி பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். சின்ன வயசிலிருந்து என் புலம்பலைக் கேட்டு வளர்ந்தவன் அல்லவா! சண்டாளன், என்னை அழ வைத்துவிட்டான்.

எங்கள் பிஸ்டல் எதுவும் வீட்டுக்கு வராது. கூடத்தின் ஆயுத அறையிலேயே பூட்டிக் கிடக்கும். ஆகவே ட்ரிகர்தான் பிஸ்டலிடம் போகவேண்டும். அதைத் துணியில் சுற்றி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. ஏறி வந்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, என் மகன் வயசுதான் இருக்கும். பையைக் குடைந்து, கூட்டைத் திறந்து, அந்த வளைந்த இரும்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது என்ன?"

பிஸ்டல் ட்ரிகர் என்று அந்த பஸ்ஸுக்குள் எந்த வாயால் சொல்வது? சங்கத்தின் கடிதம் பையில் இருக்கிறதுதான். அவன் அதைப் படித்து முடிக்கிறவரை யார் உயிரோடு இருப்பது?

"கண்ணாடியோட காது தம்பி, உடைஞ்சுபோச்சு" என்றேன் பர்மிய மொழியில். கடைப்பெயர் போட்ட துணி, குட்டி ஸ்குரூ டிரைவர் எல்லாம் கூடவே இருந்தன. அவன் ட்ரிகரைத் தன் காதோரம் வைத்துப் பார்த்தான். பிறகு கூட்டுக்குள் போட்டு, மூடி, என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். அடுத்த நிறுத்தம் வரைக்கும் நான் அந்தக் கூட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை.

ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிறவர் பர்மியர். நான் அவரை 'அகோ', அண்ணன், என்பேன். அவர் என்னை 'அமா', அக்கா, என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் பக்கத்தில் நிற்க நானே மாட்டினேன். ஸ்குரூ என்றால் எனக்குச் சோறு போடுகிற சாமான். புதிய ட்ரிகரின் தண்டில், நகர்த்தி வைப்பதற்காக ஒரு பக்கம் திறந்த காடி, ஒரு சின்னப் பள்ளம், இருந்தது. அதில் கடையிலிருந்து கொண்டுபோன கண்ணாடிக் கீல் எண்ணெயைத் தாராளமாகவே விட்டேன். விரலை வைத்தேன். அடேயப்பா, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது! இத்தனை வருஷம் மனுஷி பட்ட பாடென்ன!

எங்கள் ஆட்டத்தில் ட்ரிகர் ரொம்ப இளகலாக இருக்கக்கூடாது. பிஸ்டலை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரில் அரை கிலோ எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். கல் மேலே வரவேண்டும், ட்ரிகர் விழக்கூடாது. விழுந்தால் சுட்டதெல்லாம் செல்லாது. சில வாரம் பழகிய பிறகு ட்ரிகர் கொஞ்சம் கனத்துப்போனதுபோல் இருந்தது. புது இரும்பு இறுகுகிறது என்று நினைத்து கனத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூவை இளக்கி, மறுபடி எடை பார்த்துச் சரிசெய்துகொண்டேன். என் சமத்தை நானே மெச்சிக்கொண்டேன், எல்லாம் தலையெழுத்து.

தேர்வு நாள் பாதி வரை என் குண்டுகள் எல்லாம் நடுவிலேயே விழுந்தன. பக்கத்து மேடையில் எனக்குப் பாதி வயசுகூட ஆகாத பர்மியப் பெண்ணும் நன்றாகச் சுட்டாள். முதல் இடம் வேறு ஒருத்திக்கு என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. இரண்டாவது இடத்துக்கு எனக்கும் இந்தப் பெண்ணுக்கும்தான் இழுபறி. நான்தான் முன்னால் இருந்தேன். ஏர்போர்ட்டில் அவன் எந்தச் சட்டை போட்டு நிற்பான் என்று என் மனம் அங்கே போய்விட்டது.

அப்போது ட்ரிகர் கடித்தது. சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி ஒரு நறுக். குண்டு விலகியது. பயத்தில் என் விரல்தான் ஆடுகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு அடுத்ததைச் சுட்டேன். மறுபடி நறுக். அதற்கடுத்தது பாதி வழியில் நின்றே போயிற்று. கையைத் தூக்கினேன். பிஸ்டல் கோளாறு சுடுகிறவள் பாடு, அதற்காக நேரம் கூட்டித் தரமாட்டார்கள். கடிகாரம் அது பாட்டுக்கு ஓடியது.

அகோ வந்து பிஸ்டலை வாங்கிக் காடியைப் பார்த்தார். உள்ளே மஞ்சளாய்க் களி மாதிரி ஏதோ அப்பியிருந்தது. குச்சியில் தொட்டு முகர்ந்து பார்த்தார். "அமா, இது தனக்கா இல்லையா?"

என் விரல்களைப் பார்த்தேன், அதே மஞ்சள். வியர்க்காமல் இருக்கக் கையில் தனக்கா, மரப்பட்டையைச் சந்தனம்போல் அரைத்தது, பூசிக்கொள்வது கல்லூரி நாளிலிருந்து என் வழக்கம். இந்த ஊரில் கன்னத்தில் பூசாத பெண் உண்டா? நான் உலர்ந்த தூளை விரலிலும் தேய்த்துக்கொள்வேன். பழைய ட்ரிகர் நாலு பக்கமும் மூடியது, ஒன்றும் செய்யவில்லை. புதியதில் திறந்த காடி, அதில் நான் வார்த்த எண்ணெய். வாரக்கணக்கில் தூளைக் கொட்டிக் குழைத்து வைத்திருக்கிறேன். ட்ரிகர் கனத்தது இரும்பு இறுகியதால் இல்லை, இந்தச் சனியனால்தான்!

அவர் வழித்துத் துடைத்தார். "போங்க, போய்ச் சுடுங்க" என்றார். நான் போகவில்லை. களி இருந்தபோது நான் இளக்கி வைத்த ஸ்குரூ அது. களி போய்விட்டதே, இப்போது அரை கிலோ தாங்குமா?

"கல்லை மாட்டுங்க அகோ."

"நேரம் போகுது அமா. கடைசியில சீட்டுப் போட்டுத்தானே சோதிப்பாங்க? ஒரே ஒரு மேடைக்குத்தான் சீட்டு."

"எனக்கு விழுந்தா? மாட்டுங்கன்னா மாட்டுங்க!"

மாட்டினார். கல் மேசையை விட்டு எழும்புவதற்கு முன்பே 'டிக்' என்று ட்ரிகர் விழுந்தது. ஸ்குரூவை முறுக்கினேன். மறுபடி டிக். கை வியர்த்து ஸ்குரூ டிரைவர் வழுக்கியது. இன்னும் முறுக்கினேன். கல் எழும்பியது, நின்றது. மாதாவே என்று மேடைக்கு ஓடினேன்.

மிச்சக் குண்டுகளை மூச்சுவிட நேரமில்லாமல் சுட்டேன். ட்ரிகர் வெண்ணெய்போல் வந்தது, அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் நிதானிக்க நேரமில்லையே. கடைசிக் குண்டு போனபோது மணி அடித்தது. பலகையில் பக்கத்து மேடைப் பெண் இரண்டாவது, நான் மூன்றாவது. ஒரே ஒரு குண்டு வித்தியாசம்.

சீட்டு எடுத்தார்கள். கடைசி மேடைக்கு விழுந்தது. என் பிஸ்டலை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் வந்து "மன்னிச்சுக்கங்க அமா" என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்? தலையைத் தடவி அனுப்பினேன்.

வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் வாணலிச் சத்தம்.

"அம்மா! முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டேன். எத்தனை மணிக்கு வந்து இறங்குறீங்க?"

"வரலடா. மூணாவதுதான்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "நான் அனுப்புன ட்ரிகர் சரியில்லையாம்மா?" என்றான்.

"உன் ட்ரிகர் தங்கம்டா. உன் அம்மாதான் தனக்காவைக் கொட்டி அதைக் கெடுத்தா. புத்தி கெட்ட மூதேவி."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"அப்ப நான் வரேம்மா. ஒரு வாரம். யாருக்கும் தெரியாம வந்துட்டுப் போயிடறேன்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தே, காலை ஒடிச்சுடுவேன்! கேக்குதா? அம்மா செத்தாலும் வரக்கூடாது. சொல்லு, வரமாட்டேன்னு சொல்லு!"

அவன் அழுதுகொண்டே சொன்னான். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.