ஜூலையில் எண்ணிய ஆமைகள்

கண்ணில் படாததை இல்லை என்று எழுதலாமா? என்னோடு வேலை பார்த்த துலேகென் எனக்கு விட்டுச்சென்ற கேள்வி இது. கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகருக்கு வெளியே வணிகப் பூங்கா வரவிருந்த நிலத்தில், சுற்றுச்சூழல் ஆய்வுக்காக ஆமைகளை எண்ணும் வேலை அவருக்கு. ஆமை இருந்தால் அனுமதி கிடைக்காது. ஆனால் அவரை அனுப்பியது ஜூலையில். எங்கள் ஊர்த் தரை ஆமைகள் கோடை வெப்பம் தாங்காமல் அதற்குள் மண்ணுக்கடியில் தூங்கப் போய்விடும்.

"எத்தனைண்ணே?" என்று கேட்டாள் ஆய்வு நிறுவன மேலாளர் சாவ்லே.

"ஒண்ணும் கண்ணுல படல."

"அப்போ பூஜ்யம்னு போடுங்க."

"உள்ள தூங்குதோ என்னமோ?"

"எழுப்பிக் கேட்டீங்களா? நாளைக்கு அறிக்கை போகணும். இல்லேன்னா அடுத்த வேலைக்கு வேற ஆளுதான்."

தோண்டினால் அவை செத்துப்போகலாம், தோண்டாவிட்டால் தெரியாது. துலேகென் எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.